‘ஹவுண்ட் டாக்’ முதலில் யாருடைய பாட்டு?

பாளையங்கோட்டைக்காரர்:
வண்ணார்பேட்டையில் பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்துவரும் நண்பர் ஒருவர், ‘ஹவுண்ட் டாக்’ (வேட்டைநாய்) அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்கென்றே எழுதப்பட்ட பாட்டு என்று சாதிக்கிறார். அதற்கு முன்பே ஒரு பெண் பாடியதாகப் படித்திருக்கிறேன். விவரம் அறிந்த அண்ணாச்சிமார் விளக்க வேண்டுகிறேன்.

தென்காசிக்காரர்:
நீங்கள் படித்தது சரிதான், அண்ணாச்சி. அப்போது 19 வயதே ஆகியிருந்த ஜெர்ரி லீபரும் மைக் ஸ்டோலரும் பிக் மாமா தார்ன்டன் என்ற பாடகிக்காக எழுதிய இப்பாட்டை, அவர் 1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவு செய்தார். மறு ஆண்டு வெளியாகி, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசைவகையான ரிதம் அண்ட் ப்ளூஸுக்குரிய விற்பனைப் பட்டியலில் 7 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. தன்னை அண்டிப் பிழைக்கும் ஓர் ஆணை வாசலைவிட்டு விரட்டும் பெண்ணின் குரல் அது. அந்தச் சீற்றம் பிற்காலப் பதிவுகள் எதிலும் இல்லை என்பது என் கருத்து. 1953இலேயே ரூபஸ் தாமஸ் ‘பேர் கேட்’ என்று எதிர்ப்பாட்டு பாடினார். அதை வெளியிட்ட சன் ரெக்கார்ட்ஸ் பதிப்புரிமை வழக்கில் தோற்றது. எல்விஸை முதலில் அறிமுகப்படுத்தியதும் அதே நிறுவனம்தான்!

அம்பாசமுத்திரத்துக்காரர்:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். எல்விஸ் பின்பற்றியது தார்ன்டனை அன்று. 1956இல் லாஸ் வேகாஸில் பிரெடி பெல் குழுவினர் வரிகளை மாற்றி, வேடிக்கைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டே அவர் எடுத்துக்கொண்டார். எல்விஸின் பதிவில் வரும், முயலைப் பற்றிய வரி அவர்கள் சேர்த்தது. அவ்வாண்டு ஜூலை 2ஆம் நாள் எல்விஸ் நியூயார்க்கில் 30 முறைக்கு மேல் பாடிப் பதிவு செய்தார். நம் வில்லுப்பாட்டிலும் ஒரே கதையைக் குழுவுக்குக் குழு மாற்றிப் பாடுவதுண்டு. அங்கே வழக்குதான் வருவதில்லை.

பாளையங்கோட்டைக்காரர்:
நன்றி. தார்ன்டனின் பதிவை நண்பருக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.