தூத்துக்குடி மக்ரூன் எழும்பூர் வருவதற்குள் நமுத்துவிடுகிறது

தூத்துக்குடி ஸ்டேஷன் பக்கம் வாங்கும் மக்ரூன், முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏற்றி காலையில் எழும்பூரில் இறக்குவதற்குள் நமுத்துப்போகிறது. கடையில் மொறுமொறு, இங்கே அடிப்பாகம் பல்லில் ஒட்டுகிறது, கூர்முனை உடைந்து தூளாகிறது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும்தான், மாவே கிடையாது. சர்க்கரை அதிகம் என்பதால் ஈரக்காற்றை இழுக்கிறது, அது புரிகிறது.

அரை கிலோ. அட்டைப்பெட்டியோடு பிளாஸ்டிக் கவரில் கட்டியும் பார்த்தாச்சு, எவர்சில்வர் டப்பாவில் அடைத்தும் பார்த்தாச்சு. சூடு ஆறாமல் அடைத்த அன்று மூடிக்குள் வேர்த்திருந்தது, அதுதான் படுமோசம். ஓவனில் 120 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்புகிறது, ஆனால் வெள்ளை நிறம் பழுத்துவிடுகிறது.

டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுக் கொண்டுவந்தவர்கள், அரை கிலோவுக்கு எத்தனை கிராம் போட்டீர்கள்?