மறு: மறு: 'ஈகோ-டிஸ்டானிக்' - தமிழில் என்ன?

ந.:
நண்பர்களே, உளமருத்துவ வரலாற்று நூலின் மூன்றாம் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1973 டிசம்பரில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்தது. எதிர்ப்பாளர்கள் கேட்டு 1974இல் நடந்த வாக்கெடுப்பிலும் 58 விழுக்காடு நீக்கத்துக்கே விழுந்தது. ஆனால் அச்சங்கத்தின் நோய்ப்பட்டியல் நூலான டிஎஸ்எம்மின் 1980இல் வந்த மூன்றாம் பதிப்பில் 'ஈகோ-டிஸ்டானிக் ஹோமோசெக்சுவாலிட்டி' (தன் தன்பாலீர்ப்பே தனக்கு வேண்டாததாய் வருத்தும் நிலை) புறவாசல் வழியாக நுழைந்து, 1987 வரை இருந்தது. 'தன்னொவ்வாத் தன்பாலீர்ப்பு' எனலாமா?

ம.:
ஒவ்வாமை வேண்டாம் ஐயா, அது அலர்ஜிக்குப் போய்விட்ட சொல். 'அகமுரண்' போதும்.

செ.:
அலர்ஜிக்காரர்களிடம் சொல்லைப் பறிகொடுத்தது நம் தவறு. 'ஒ' அடியிலிருந்துதான் ஒப்பு, ஒத்த, ஒவ்வு எல்லாம். தொல்காப்பியர் களவியலில் 'ஒத்த கிழவனும் கிழத்தியும்' என்கிறார். ஒவ்வாதது பெருந்திணை, உரைகாரர்கள் அதைப் பொருந்தாக் காமம் என்பார்கள். ஆகவே 'தற்பொருந்தா ஈர்ப்பு'.

ம.:
பெருந்திணையில் பொருந்தாது என்று தீர்ப்புச் சொல்வது இலக்கணம். இங்கே ஆளின் வாய்மொழிதான் அளவுகோல். மூன்றாம் பதிப்பு கேட்பது இரண்டு: எதிர்பாலீர்ப்பு இல்லாமலோ குறைந்தோ இருந்து, அது வேண்டுமென்று அவர் விரும்ப வேண்டும்; தன்பாலீர்ப்பு வேண்டாததென்றும் ஓயாத வேதனையென்றும் அவரே வெளிப்படச் சொல்ல வேண்டும். ஊர் ஏசி ஏசி உண்டான வேதனையும் இதில் நோய்க்கணக்கில் ஏறியது. 1987இல் எடுக்கக் காரணங்களுள் அதுவும் ஒன்று.

கு.:
'ஈகோ-டிஸ்டானிக்' என்றே விட்டு விளக்கம் கொடுங்கள், மாணவர் தேடிப் படிக்கவாவது உதவும். உலக சுகாதார நிறுவனம் 1990இல் ஏற்ற நோய்ப்பட்டியலான ஐசிடி-10இலும் எஃப்66.1 என்ற எண்ணில் 'ஈகோ-டிஸ்டானிக்' பாலீர்ப்பு இருந்தது. அதில் எதிர்பால், இருபால் ஈர்ப்புகளும் அடக்கம். இரண்டுக்கும் ஒரே தொடர் போட்டால் 1980உம் 1990உம் குழம்பும்.

செ.:
'நலவாழ்வு நிறுவனம்' என்று எழுதலாமே.

கு.:
இப்போது அதுவா பிரச்சினை?

ம.:
கு. சொல்வது சரி. முன்னது 'அகமுரண் தன்பாலீர்ப்பு', பின்னது 'அகமுரண் பாலீர்ப்பு'. 1974இல் இடைக்கால ஒட்டாக வந்தது 'பாலீர்ப்புக் குலைவு'. டிஎஸ்எம்மின் 1952, 1968 பதிப்புகளுக்குப் 'பாலியல் பிறழ்வு' என்றே நிற்கட்டும். அன்றைய வசையை நாம் வெளுத்துக் கொடுக்க வேண்டாம். 'ஓரினச்சேர்க்கை' எங்கும் வேண்டாம். அது செயலைச் சொல்கிறது, ஈர்ப்பை அல்ல.

ந.:
நேரமில்லை. அகமுரண் போடுகிறேன், முதல் இடத்தில் ஒலிபெயர்ப்பும் வரும்.

செ.:
போடுங்கள். மார்க்சியர்கள் உள்முரண்பாடு என்று படிப்பார்கள், புலவர்கள் முரண்தொடை தேடுவார்கள். என் வாக்கு தற்பொருந்தாவுக்கே.