‘எ ரூம் வித் எ வியூ’ பாத்திரங்களை 40 நிமிடத்தில் எப்படிச் சொல்வது?

கெடிலக்கரை:

வணக்கம். பாண்டியில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில் ஆங்கில எழுத்தாளர் ஈ. எம். ஃபார்ஸ்டரின் ‘எ ரூம் வித் எ வியூ’ நாவலின் பாத்திரங்களைப் பற்றி 40 நிமிடம் பேச வேண்டும். கேட்பவர்களில் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள். பெயர்ப் பட்டியல் போட்டால் பதினைந்தைத் தாண்டுகிறது. “லூசி இத்தாலி போனாள், தன்னை அறிந்தாள், நிச்சயமான சிசிலை விட்டு ஜார்ஜைக் கட்டினாள்” என்று சுருக்கினாலோ சினிமாக் கதை மாதிரி ஆகிவிடுகிறது. எதைப் பிடித்துக்கொண்டு பேசினால் ஆட்கள் கண்முன் நிற்பார்கள்? லூசிக்குத் துணையாக இத்தாலி போகும் ஒன்றுவிட்ட அக்கா சார்லட்டை வில்லியாக வைக்கலாமா? பென்ஷன், ஷாப்பரோன், பெடக்கர் என்ற சொற்களை எப்படிச் சொல்வது?

முத்தியால்பேட்டை வாசகி:

பட்டியலை ஓரமாக வையுங்கள். அறையிலிருந்து ஆரம்பியுங்கள். கடலைப் பார்த்த அறை என்று பேசி வைத்துவிட்டு, போய் இறங்கியதும் முற்றத்துச் சுவரைப் பார்த்த அறையின் சாவியைக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். ஒயிட் டவுன் விடுதிகளைத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் முன்னுரை வேண்டாம்.

ஃபிளாரன்ஸில் பெர்டோலினி விடுதியின் சாப்பாட்டு மேசையில் லூசிக்கும் சார்லட்டுக்கும் அதுதான் மனத்தாங்கல். முன்பின் தெரியாத கிழவர் எமர்சன், ஆற்றைப் பார்த்த தன் அறையையும் மகன் ஜார்ஜின் அறையையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொருவரும் செய்வதைச் சொன்னாலே ஐந்து பேர் அறிமுகமாகிவிடுவார்கள். எமர்சனுக்கு ஜன்னல் வேண்டாம், அவர்களுக்கு வேண்டும், அதனால் கொடுக்கிறார். அவ்வளவுதான் அவர் கணக்கு. சார்லட்டுக்கு அதுவே அநாகரிகம், தெரியாத ஆண்களிடம் கடன்படுவது. லூசிக்கு இரண்டும் சரியாகப் படுகிறது. அவள் சிக்கலே அதுதான். பாதிரியார் பீபி நடுவில் நின்று பேசி முடிக்கிறார். ஜார்ஜ் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. கடைசியில் அறை மாறும்போது, இளைஞன் படுத்த அறையில் லூசி படுக்கக் கூடாது என்று சார்லட் அதைத் தானே எடுத்துக்கொள்கிறாள். அங்கே சுவரில் ஒரு காகிதம் குத்தியிருக்கிறது. அதில் பெரிய கேள்விக்குறி மட்டும். இன்னொருவன் சொத்தாயிற்றே என்று கிழிக்காமல் பத்திரப்படுத்தி வைக்கிறாள். இந்தக் காகிதத்தைச் சபையில் விடாமல் சொல்லுங்கள். ஜார்ஜ் யார் என்பதும் சார்லட் யார் என்பதும் அதில் இருக்கிறது.

நாவல் 20 அத்தியாயம். முதல் 7 இத்தாலி, அடுத்தது முழுக்க இங்கிலாந்து, 20ஆம் அத்தியாயத்தில் மறுபடி அதே விடுதி. பேசுகிறவர்கள் செய்யும் தவறு, இத்தாலியில் அரைமணி நேரத்தைக் கரைத்துவிட்டு இங்கிலாந்தைப் பத்து நிமிடத்தில் ஓட்டுவது. அங்கேதான் லூசி உண்மையில் சோதிக்கப்படுகிறாள். இத்தாலிக்கு 15 நிமிடம் போதும்.

லூசியைப் புரியவைக்க அவள் பியானோவைப் பின்தொடருங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் மழை நாளில் பீத்தோவன் வாசிக்கிறாள். இந்தப் பெண் வாசிப்பது மாதிரி வாழ ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று பீபி ஆச்சரியப்படுகிறார். பதினொன்றில், லண்டனில் சிசிலின் அம்மா வீட்டில், விருந்தினர் முன்னால் ஷூமான் வாசிக்கிறாள். சிசில் பீத்தோவன் கேட்கும்போது தலையாட்டி மறுத்துவிடுகிறாள். பதினெட்டில், ஆசைப்படாமல் அமைதியாக இருந்துவிடு என்று சொல்லும் பாட்டைப் பாடுகிறாள். அந்தப் பாட்டை அவளுக்குக் கொடுத்தது சிசில். வாய் பொய் சொல்லும்போது விரல்கள் என்ன செய்கின்றன என்று பாருங்கள்.

பொய் என்றதும் அத்தியாயத் தலைப்புகளையும் கவனியுங்கள். 16 முதல் 19 வரை நான்குமே யாரிடம் பொய் சொல்கிறாள் என்பதைத்தான் சொல்கின்றன: ஜார்ஜிடம், சிசிலிடம், பீபியோடு அம்மா தம்பி வேலைக்காரர்களிடம், கடைசியாகக் கிழவர் எமர்சனிடம். ஜார்ஜைப் பிடிக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பொய்யைக் காப்பாற்றத்தான் மற்றதெல்லாம். “தன்னை அறிதல்” என்று பொதுவாகப் பேசாமல் இந்த வரிசையைச் சொன்னால், நம் வீட்டுக் கல்யாணப் பேச்சுகளைப் பார்த்த எவருக்கும் உறைக்கும்.

பழைய பேப்பர்:

சார்லட்டை வில்லி ஆக்காதீர்கள், தோழர். ஆக்கினால் கடைசி அத்தியாயம் கையில் நிற்காது.

அவள் இருப்பைப் பாருங்கள். கல்யாணமாகாதவள், கையில் காசு குறைவு, லூசியின் அம்மா உதவியால்தான் இத்தாலிக்கே வர முடிந்தது. அந்தக் கடனைக் காவல் காத்துத் தீர்க்கிறாள். தியாகம் செய்தே மற்றவர்களை மூச்சுமுட்ட வைக்கும் சொந்தக்காரர்கள் நமக்கும் உண்டு. எனக்கு எங்கே இடம் இருந்தாலும் போதும் என்று சொல்லியே வீட்டைத் தலைகீழாக்குவார்கள். 14ஆம் அத்தியாயத்தில் பாய்லர் ரிப்பேர் என்று லூசி வீட்டுக்கு வந்து, வண்டிக்காரனுக்குக் கொடுத்த சில்லறையைத் திருப்பித் தருவேன் என்று எல்லோர் நிம்மதியையும் கெடுக்கிற காட்சியை அப்படியே படித்துக் காட்டலாம்.

அவள் செய்த கெடுதலும் சின்னதில்லை. ஏழாம் அத்தியாயத்தில், ஜார்ஜ் லூசிக்குக் கொடுத்த முத்தத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்லாதே என்று லூசியிடம் வாக்கு வாங்கிக்கொண்டு ரோமுக்குக் கிளம்புகிறாள். ஆனால் அவளே அதை எழுத்தாளர் மிஸ் லாவிஷிடம் சொல்லியிருக்கிறாள். லாவிஷ் அதை நாவலாக்கிவிடுகிறாள். அதே நாவலை 15ஆம் அத்தியாயத்தில், விவரம் தெரியாத சிசில், லூசிக்கும் ஜார்ஜுக்கும் முன்னால் உரக்கப் படிக்கிறான். இரண்டாவது முத்தம் அதிலிருந்துதான் வருகிறது.

இப்போது கடைசிக்கு வாருங்கள். லூசி கிரீஸுக்கு ஓடப் பார்க்கிறாள். பீபியின் வீட்டில் கணப்பருகே கிழவர் எமர்சன் உட்கார்ந்திருக்கிறார். லூசி உள்ளே போகும் முன்பே சார்லட் அங்கே வந்திருந்தாள், கிழவர் கண் திறந்தபோது திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள் என்று 20ஆம் அத்தியாயத்தில் ஜார்ஜ் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. அப்படியானால் தெரிந்தே விட்டிருக்கிறாள். லூசியைத் தடுக்க ஒரு வார்த்தை போதும், அவள் சொல்லவில்லை. ஆரம்பத்திலிருந்தே மனதின் அடியில் இதைத்தான் விரும்பினாளா? ஃபார்ஸ்டர் அடித்துச் சொல்வதில்லை. புதுமணத் தம்பதியை வியக்க மட்டும் விடுகிறார். தட்டையான பாத்திரம், முழுமையான பாத்திரம் என்ற பாகுபாட்டை 1927இல் ‘ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் த நாவல்’ நூலில் அவரே விளக்கினார். நம்பும்படியாக நம்மை வியக்கவைப்பதே முழுமையான பாத்திரத்துக்கு அவர் வைத்த சோதனை. என் கணக்கில் இந்த நாவலில் அதில் முதலாவதாகத் தேறுகிறவள் சார்லட்.

முத்தியால்பேட்டை வாசகி:

சார்லட் பற்றிச் சொன்னது சரி. சிசிலுக்கும் அதே நியாயம் வேண்டும். ஒன்பதாம் அத்தியாயத்தில் அனுமதி கேட்டு முத்தமிடப் போய் மூக்குக்கண்ணாடி இடையில் நசுங்குவதைச் சொன்னால் சபை சிரிக்கும். அதோடு நிறுத்திவிடக் கூடாது. டென்னிஸ் ஆட நாலாவது ஆள் வேண்டும் என்று லூசியின் தம்பி ஃப்ரெடி கேட்கும்போது, புத்தகம் தவிர வேறெதற்கும் லாயக்கில்லை என்று மறுக்கிறான். லூசிக்கு அந்தக் கணத்தில் கண் திறக்கிறது, அன்று இரவே நிச்சயத்தை முறிக்கிறாள். ஆனால் முறிக்கும்போது அவள் எடுத்து வீசுவது ஜார்ஜ் சொன்ன வாதங்களை. உன் வழியாக வேறொரு குரல் பேசுகிறதே என்கிறான் சிசில். அவன் அதைப் பாராட்டாகத்தான் சொல்கிறான், அவளுக்கோ சுடுகிறது. அந்த இரவு சண்டை போடாமல், தன்னைத் தனக்கே காட்டியதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறான். அந்த அத்தியாயத்தில் பெரியமனிதன் அவன்தான்.

கெடிலக்கரை:

மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். சார்லட் கடைசியில் செய்ததை நான் கவனிக்காமலே கடந்துபோயிருக்கிறேன். இன்னொன்று: பீபி முதலில் அவ்வளவு நல்லவர், முடிவில் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்? சொற்களைப் பற்றியும் சொல்லுங்களேன்.

பழைய பேப்பர்:

பீபி ரசிகர். லூசி வாசிக்கும் வரை, வாழப் போகிறாள் என்ற எதிர்பார்ப்பு இருக்கும் வரை, அவருக்கு அவள்மேல் பிரியம். கல்யாணத்தைவிடத் தனித்திருத்தல் மேல் என்ற நம்பிக்கை அவருக்குள் ஆழமாக இருப்பதை 18ஆம் அத்தியாயத்தில் ஃபார்ஸ்டர் சொல்லிவிடுகிறார். அதனால்தான் நிச்சயம் முறிந்ததும் மகிழ்ந்து, கிரீஸ் பயணத்துக்கு அம்மாவைச் சம்மதிக்க வைக்கிறார். ஜார்ஜைக் காதலிக்கிறாள் என்று தெரிந்ததும் அக்கறை அற்றுப்போகிறது. முதல் பாதியில் அவருடைய நல்ல குணத்தை மட்டும் சொன்னால் முடிவு ஒட்டாது. மூன்றாம் அத்தியாயத்திலேயே அவர் பெண்களைத் தள்ளி நின்று பார்க்கிறவர் என்று ஒரு வரி போட்டு வையுங்கள்.

சொற்களுக்கு வருவோம். பென்ஷன் என்று சொன்னால் ஓய்வூதியம் என்று நினைப்பார்கள். ‘சாப்பாட்டோடு தங்கும் விடுதி’ என்றே சொல்லுங்கள். நடத்துகிறவள் பேச்சே லண்டன் பேச்சு, சுவரில் விக்டோரியா ராணி படம். அவர்கள் இத்தாலிக்கு வந்தும் இங்கிலாந்தை விட்டு வெளியேறவில்லை என்பது அதிலேயே புரியும். ஷாப்பரோனுக்குத் தனிச்சொல் தேட வேண்டாம், ‘துணைக்கு வந்த அக்கா’ போதும். பெடக்கர் அன்றைய பயண வழிகாட்டி நூல். அது கையில் இல்லாமல் சாண்டா குரோச்சே தேவாலயத்துக்குள் நிற்கும் லூசிக்கு, எந்தக் கல்லறையை அழகு என்று ரசிப்பது என்றே தெரிவதில்லை.

கஷ்டமான சொல் ‘மடில்’. கிழவர் எமர்சன் லூசியை எச்சரிப்பது அதைப் பற்றித்தான். பலரும் ‘குழப்பம்’ என்று போட்டுவிடுகிறார்கள், அது தெரியாமல் தவிப்பதைச் சொல்கிறது. லூசிக்கு உள்ளே தெரியும்; மறைக்க மறைக்க முடிச்சு கூடுகிறது. ‘சிக்கு’ என்று வையுங்கள், நூல் சிக்கு மாதிரி. 19ஆம் அத்தியாயத்தைப் படித்துக் காட்டும்போது அந்தச் சொல்லை மாற்றாமல் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

நேரம் மிஞ்சினால் நாலாம் அத்தியாயத்தில் நடக்கும் கொலையைச் சேருங்கள். சதுக்கத்தில் கத்திக்குத்து, லூசி மயங்குகிறாள், ரத்தம் பட்ட அவளுடைய படங்களை ஜார்ஜ் ஆர்னோ ஆற்றில் எறிகிறான். ஏன் எறிந்தாய் என்று கேட்டதும் உண்மையைச் சொல்லிவிடுகிறான். லூசி உடனே, இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறாள்.