1:12 அளவில் பதினாறாம் லூயி காலத்து அறை: நம்பிப் படிக்கலாமா?

இழைப்புளி:
பழங்கால அறைகளின் சிறு மாதிரிகளாகச் சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கும் 68 தோர்ன் சிற்றறைகளும் பாடப்புத்தகத்துக்கு நிகர் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். நார்சிஸா தோர்ன் அம்மையார் 1932 முதல் 1940 வரை தேர்ந்த கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்தவை அவை. அடியை அங்குலமாக்கிய அந்தக் கைத்திறனை வணங்குகிறேன். பாடமாக ஏற்க மாட்டேன். மரத்தின் நுண்துளை அளவுக்கேற்பச் சுருங்காது. பட்டுத் திரையும் அப்படித்தான்; எவ்வளவு மெல்லிய துணியானாலும் விறைத்து நிற்கும். பதினாறாம் லூயி காலத்துப் பிரெஞ்சுத் தச்சர் ஜார்ஜ் ஜேக்கப் செய்த நாற்காலியின் உயிரே மரமும் துணியும் அல்லவா? மேலும், அந்த அறைகளில் பல, வெவ்வேறு மாளிகைகளின் கூறுகளைச் சேர்த்து அமைத்தவை.

வெர்சாய் வாசகி:
அண்ணா, அசல் அறை எங்கே முழுதாக இருக்கிறது? பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793 ஆகஸ்டில் தொடங்கி ஓராண்டு நடந்த ஏலத்தில் வெர்சாய் அரண்மனைச் சாமான்கள் 17,000க்கும் மேற்பட்ட தொகுதிகளாக விற்றுப்போயின. அரசவைத் தச்சர் ரீஸ்னர் அரசி மரி அந்துவனெத்துக்குச் செய்த மேசைகளும் அலமாரிகளும் இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் தனித்தனியே நிற்கின்றன. சுவர், கணப்பு, நாற்காலி, சரவிளக்கு எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைச் சிற்றறையில்தான் பார்த்தேன். பதினைந்தாம் லூயி காலத்து வளைந்த கால் போய், குழல்வரிகள் (நெடுக்காகச் செதுக்கிய பள்ளங்கள்) ஓடும் நேர்க்கால் வந்தது ஏன் என்பது, அதே நேர்கோடு சுவர்ப்பலகையிலும் ஓடுவதைக் கண்டபோதுதான் விளங்கியது. கலந்து செய்தவை என்பது உண்மை. அதைக் குறையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சாளரம்:
வெளிச்சத்தை இருவரும் மறந்துவிட்டீர்கள். பக்கத்து அறை, தோட்டம் என்று கண்ணுக்குப் பாதி மட்டும் தெரியும்படி வைத்து, அங்கிருந்து ஒளி வர விட்டிருக்கிறார்கள். புரட்சிக் காலத்துக் குளியலறையைப் பாருங்கள். யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல இருக்கும்.

இழைப்புளி:
தங்கை சொன்ன நேர்கோட்டை ஒப்புக்கொள்கிறேன். விகிதம் சுருங்கினாலும் விகிதமே. நேற்று பேரிக்காய் மரத்தில் அத்தகைய கால் ஒன்றைக் கடைந்தேன். மேல்முனை நான்கு மில்லிமீட்டர். ஐந்தாவது வரியில் விளிம்பு உடைந்தது. மூலத்தில் அந்த வரிகளை எவ்வளவு ஆழம் செதுக்கினார்கள், கால் ஏன் பலமிழக்கவில்லை என்று அப்போதுதான் யோசித்தேன். ஆனால் அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவர் எப்படி அறிவார்?

வெர்சாய் வாசகி:
அந்த உடைந்த காலைப் படமெடுத்து இங்கே போடுங்கள் அண்ணா.