கலைச்சொல்: ‘எதிரொளித் துடிப்பு’ வேண்டாம், ‘கட்புலத் துடிப்பு’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

எக்ஸ் கதிர் இரும விண்மீன்களிலிருந்து (நியூட்ரான் விண்மீன் போன்ற மிக அடர்ந்த ஒன்றும் ஒரு துணை விண்மீனும் ஒன்றையொன்று சுற்றிவரும் இணைகள்) கண்ணுக்குப் புலப்படும் ஒளியிலும் துடிப்பு வருகிறதே, அதற்கு ‘எதிரொளித் துடிப்பு’ என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. கேட்க இனிமையான சொல்தான். ஆனாலும் ஏற்கத் தயக்கமாக இருக்கிறது.

முதலில், ‘எதிரொளிப்பு’ ஏற்கெனவே பாடநூல்களில் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு உரிய சொல். இங்கே நடப்பது வேறு. ஹெர்குலிஸ் எக்ஸ்-1 என்ற இரும விண்மீனில் நியூட்ரான் விண்மீன் 1.24 நொடிக்கு ஒருமுறை சுழல்கிறது. அதன் எக்ஸ் கதிர்க்கற்றை துணை விண்மீனின் மேற்பரப்பைச் சூடாக்க, அந்த வெப்பம் சாதாரண ஒளியாக வெளிவருகிறது. உள்வாங்கி வேறு அலைநீளத்தில் உமிழ்வதை எதிரொளிப்பு என்றால் மாணவர்கள் குழம்புவார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அந்தச் சொல் காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. லா பால்மா தீவிலுள்ள 3.58 மீட்டர் கலிலியோ தொலைநோக்கி, பி.எஸ்.ஆர். ஜே1023+0038 என்ற இரும விண்மீனில் 1.69 மில்லிநொடித் துடிப்பைக் கட்புல ஒளியிலேயே பிடித்துக் காட்டியதாக 2017 இல் ஆய்வு வெளியானது. 1.69 மில்லிநொடியில் ஒளி ஓடும் தூரம் சுமார் 500 கிலோமீட்டர்தான். துணை விண்மீனின் பரப்போ பல லட்சம் கிலோமீட்டர். அதில் பட்டு மீண்டும் உமிழப்பட்டிருந்தால், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்து துடிப்பே கரைந்து போயிருக்கும். ஆக, இந்தத் துடிப்பு சுழலும் நியூட்ரான் விண்மீனுக்கு அருகிலிருந்தே வந்தாக வேண்டும். எப்படி வருகிறது என்பதில் இன்னும் வாதம் ஓடுகிறது. இதைப் போய் எதிரொளி என்பதா?

பெயர் கண்டதைச் சொல்லட்டும். காரணத்தை ஆய்வுக்கு விட்டுவிடலாம். அதனால் என் பரிந்துரை ‘கட்புலத் துடிப்பு’.

சரி, ‘ஒளித்துடிப்பு’ என்று சுருக்கமாக வைத்தால் என்ன? எக்ஸ் கதிரும் ஒளிதானே, வேறுபாடு தெரியாது. ‘ஒளியியல் துடிப்பு’ இன்னும் மோசம். ஒளியியல் ஒரு துறையின் பெயர், அலைநீளப் பட்டையின் பெயர் அல்ல. ‘கட்புல ஒளி’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. இந்த வார்ப்பில் எக்ஸ் கதிர்த் துடிப்பு, புறஊதாத் துடிப்பு, கட்புலத் துடிப்பு என்று வரிசையாக அமைத்துவிடலாம். இது வெறும் அழகுக்காகச் சொல்வதல்ல. நொடிக்கு 401 முறை சுழலும் நியூட்ரான் விண்மீனைக் கொண்ட சாக்ஸ் ஜே1808.4-3658 என்ற இரும விண்மீனில் இந்த மூன்றுமே பதிவாகியுள்ளன.

துணை விண்மீனோ, நியூட்ரான் விண்மீனைச் சுற்றிச் சுழலும் வாயு வட்டோ சூடாகி உமிழ்வதுதான் என்று உறுதியான இடத்தில் ‘மறுவுமிழ்வுத் துடிப்பு’ என்று தனியாகச் சொல்லலாம். 4யூ 1626-67 என்ற இரும விண்மீன் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 7.7 நொடித் துடிப்போடு, அதிர்வெண் சற்றே மாறிய மெலிந்த துடிப்பு ஒன்றும் கட்புல ஒளியில் கிடைத்தது. துணை விண்மீனிலிருந்து வரும் அதை வைத்துத்தான் 42 நிமிடச் சுற்றுக்காலத்தையே கணித்தார்கள்.

அப்புறம், செஃபீடு விண்மீன்கள் விரிந்து சுருங்குவதையும் ‘துடிப்பு’ என்றே எழுதுகிறோம். அதற்கு ‘விம்மல்’ பொருந்துமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.