லேப்டாப் பில்லில் யார் பெயர்?

கோயம்புத்தூரிலிருந்து:

2023 ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 21, சனிக்கிழமை. என் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு அப்போது ஒன்றரை வயது. இயக்குநர்கள் இருவர்: நானும் என் மனைவியும். வேலை செய்கிறவன் நான் ஒருவன்தான். பழைய லேப்டாப்பில் மூன்று எழுத்துகள் விழாமல் போய், அந்த மூன்றுக்காகவே தனி விசைப்பலகை ஒன்றைச் செருகி நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல நாளும் அதுவுமாகப் புதிது வாங்கிப் பொட்டு வைத்துவிடலாம் என்று இருவரும் கடைக்குப் போனோம்.

விலை 1,18,000 ரூபாய். பில் போடும் பையன் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, ஆனால் மனப்பாடமாகத் தெரியாது. சான்றிதழ் எந்த மின்னஞ்சலில் கிடக்கிறது என்று ஐந்து நிமிடம் தேடினேன். பின்னால் வரிசை நீண்டது. பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் இனிமேல்தான் வாங்க வேண்டும் என்று மனைவி நினைவூட்டினாள். “பரவாயில்லை, என் பெயரிலேயே போடுங்கள்” என்று சொல்லி, என் சொந்தக் கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு வந்தேன்.

அந்த “பரவாயில்லை”யின் விலை 18,000 ரூபாய். லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பில்லில் கம்பெனியின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தால், அந்த வரியை நாங்கள் வாடிக்கையாளரிடம் வசூலித்துக் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். கடைக்காரர் தன் கணக்கைத் தாக்கல் செய்ததும் அது ஜிஎஸ்டி தளத்தில் நம் பக்கத்தில், 2பி என்ற மாதாந்தர அறிக்கையில் வந்து நிற்கும். என் பெயரில் பில் இருந்ததால் எதுவும் வரவில்லை. திரும்பப் போய்க் கெஞ்சினேன். வரிசை எண்ணை உத்தரவாதத்துக்குப் பதிவு செய்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆடிட்டர் ஒரு வழி சொன்னார். கம்பெனிக்காக நான் வாங்கியதாகத் தீர்மானம் எழுதி, கம்பெனி எனக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இயக்குநர் குழு அன்றிரவே சமையலறையில் கூடியது. தோசை தீய்ந்துகொண்டிருக்கும்போது தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முழு 1,18,000 ரூபாயும் கம்பெனியின் சொத்துக் கணக்கில் ஏறியது.

கணினிக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு, அதாவது பொருள் பழசாவதற்காக அவ்வளவை லாபத்தில் கழிக்கலாம் என்று படித்து வைத்திருந்ததால், அதிலாவது கொஞ்சம் மீளும் என்று நினைத்தேன். அங்கும் ஒரு கொக்கி. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான், அதாவது 20 சதவீதம். அக்டோபர் 21க்கும் மார்ச் 31க்கும் நடுவே அத்தனை நாள் இல்லை. “மூன்று வாரம் முன்னால் வாங்கியிருக்கக் கூடாதா?” என்றார் ஆடிட்டர். முதல் ஆண்டில் 47,200 ரூபாய் கழிக்க வேண்டிய இடத்தில் 23,600தான் கழிந்தது. நியாயமாகச் சொன்னால் இது இழப்பில்லை. மிச்சம் அடுத்தடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளிப் போகிறது. ஜிஎஸ்டியில் போனதுதான் போனது.

நவம்பரில் முதல் ஊழியன் சேர்ந்தான். அவனுக்கு இயந்திரம் வேண்டும். அந்த வாரம் நான் பெங்களூரில் வாடிக்கையாளர் அலுவலகத்தில் இருந்தேன். அங்கே ஒரு கடையில் நல்ல தள்ளுபடி. இந்த முறை ஜிஎஸ்டி எண்ணைச் சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்திருந்தேன். ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக் காட்டி, பில்லைச் சரிபார்த்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். ஆடிட்டர் பில்லைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கடையிலேயே கையில் வாங்கியதால் கர்நாடகத்துக்குள்ளேயே நடந்த விற்பனை என்று சிஜிஎஸ்டியும் (மத்திய ஜிஎஸ்டி) எஸ்ஜிஎஸ்டியும் (மாநில ஜிஎஸ்டி) போட்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்த கம்பெனி அதை எடுக்க முடியாது. கோவை முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருந்தால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி விழுந்திருக்கும், எடுத்திருக்கலாம். தள்ளுபடியை விட வரி அதிகம்.

மூன்றாவது லேப்டாப்பை 2024 ஜனவரியில் வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தில் வாங்கினேன். அடுத்த மாதம் 2பியில் அது வந்திருப்பதைப் பார்த்தபோது, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவில் என் எண்ணைப் பார்த்த மாதிரி இருந்தது.

உங்களில் யாராவது சொந்தப் பெயரில் வாங்கி நன்றாக இருந்திருக்கிறீர்களா?

சென்னையிலிருந்து:

நன்றாக இல்லை அண்ணா. நான் சம்பளக்காரி. பெருங்குடியில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தபோது, உங்கள் லேப்டாப்பையே கொண்டு வாருங்கள், மாதம் 2,000 ரூபாய் தருகிறோம் என்றார்கள். லாபம் என்று நினைத்தேன். அந்த 2,000 சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குள் போனது. கம்பெனி வைத்திருப்பவர்களுக்குத் தேய்மானம் இருக்கிறது. சம்பளக்காரர் சொந்தக் காசில் வாங்கிய லேப்டாப்புக்கு அப்படி எதுவும் கிடையாது, எல்லோருக்கும் பொதுவான நிலையான கழிவோடு சரி. நிறுவனமே லேப்டாப் கொடுத்து நாம் பயன்படுத்தியிருந்தால் அதைச் சலுகையாகக் கணக்கிட்டு வரி போடவும் மாட்டார்கள்.

பணத்தை விடுங்கள். பாதுகாப்புக்காக என்று ஒரு மென்பொருளை அதில் நிறுவினார்கள். நானும் படிக்காமல் சம்மதம் சொன்னேன். வேலையை விட்ட நாள், மாலை ஆறு மணிக்கு, திரை ஒரு முறை கறுத்தது. மறுபடி வந்தபோது அது கடையிலிருந்து இப்போதுதான் வந்த லேப்டாப். என் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில்தான் இருந்தன. மனிதவளத் துறை மன்னிப்புக் கேட்டது. படங்கள் திரும்ப வரவில்லை. இப்போது இருக்கும் இடத்தில் அவர்கள் கொடுத்ததைத்தான் பயன்படுத்துகிறேன், அதில் என் சொந்தக் கோப்பு ஒன்றுகூடக் கிடையாது.

மதுரையிலிருந்து:

கோவை நண்பருக்கு, நான் சொந்தப் பெயரில் வாங்கி நன்றாக இருக்கிறேன். கட்டடக் கலைஞன், கம்பெனி கிடையாது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் நிற்பதால் ஜிஎஸ்டி பதிவும் இல்லை. வருமான வரியில் என் போன்ற தொழில்முறையாளர்களுக்கு இருக்கும் எளிய முறைப்படி வரவில் பாதியை வருமானம் என்று காட்டிவிடுகிறேன். லேப்டாப், இணையம், ஸ்கூட்டர் பெட்ரோல் எல்லாம் மற்ற பாதிக்குள் அடக்கம். தேய்மானம் என்று தனியாக எதையும் கழிக்க முடியாது. பில்லைப் பற்றி யோசிப்பதே இல்லை.

ஆனால் வேறோர் இடத்தில் அந்தப் பில் கைகொடுத்தது. எட்டே மாதத்தில் திரையின் கீல் உடைந்தது. கீழே போட்டிருப்பீர்கள், உத்தரவாதம் செல்லாது என்று கையை விரித்தார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோரே அல்லர் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆரம்பித்தார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது: சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கினால் அது வணிக நோக்கமாகாது. பில் என் பெயரில், தொழிலும் நான் ஒருவனே செய்வது. இரண்டாவது வாய்தாவுக்கு முன்பே புதிய திரை வந்துவிட்டது. என் நண்பர் ஒருவர் இதேபோல் போனார், பில் அவருடைய கம்பெனி பெயரில். நீங்கள் நுகர்வோரா என்ற அந்த முதல் கேள்விக்கே அவர் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திருநெல்வேலியிலிருந்து:

சிங்கப்பூரிலிருந்து அத்தான் கொண்டுவந்தார். பதினெட்டு வயது ஆனவர் ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். பில் அவர் பெயரில், டாலரில். ஆடிட்டரிடம் காட்டினேன். இதை என்னிடம் காட்டியதாகவே நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். இயந்திரம் அருமையாக ஓடுகிறது.

மீண்டும் கோயம்புத்தூரிலிருந்து:

மதுரை நண்பர் சொன்ன கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. சென்னைத் தங்கைக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை.

கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊழியன் ஒருவன் 2025 டிசம்பரில் விலகினான். அந்த மூன்றாவது லேப்டாப் அவனிடம்தான் இருந்தது. அதை அவனே வாங்கிக்கொள்கிறேன் என்றான். 80,000 ரூபாய்க்கும் 14,400 ரூபாய் வரிக்கும் வாங்கியது. 30,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். அதற்கு 18 சதவீதம், 5,400 ரூபாய் ஜிஎஸ்டி கட்டினால் போதும் என்று இருந்தேன். போதாதாம். வரியை ஏற்கனவே கழித்துக்கொண்ட சொத்தை விற்றால், கழித்த தொகையில் காலாண்டுக்கு ஐந்து சதவீதம் வீதம் தள்ளி, மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எட்டுக் காலாண்டுக்கு 40 சதவீதம் போக 8,640 ரூபாய். இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். தேர்வு முடிவு மாதிரி மகிழ்ந்தேனே, அதே 2பி வரவுதான்.

விற்பனை பில்லை மனைவிதான் தட்டச்சு செய்தாள். எங்கள் ஜிஎஸ்டி எண்ணின் பதினைந்து எழுத்துகளையும் எதையும் பார்க்காமல் அடித்தாள். எனக்கு இன்னும் பணப்பையிலிருக்கும் சீட்டுதான்.