43ஆ, 61ஆ? பாடகர் குழுவை எண்ணுறதா விடுறதா?

பின்வாங்கு:
எங்கட சபைத் தம்பி ஒருவர் போன கிழமை எழுதினதை எல்லாரும் பார்த்திருப்பியள். "திருகோணமலையில் எங்கள் சபை வளர்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு 61 பேர். ஐந்தாண்டுத் திட்டம் போட்டு மண்டபத்துக்கு மேல்மாடி கட்டவேண்டும்." நான் முப்பது வருசமா கடைசி வாங்கில இருக்கிறவன். அங்க இருந்து பார்த்தால் எல்லாத் தலையும் தெரியும். எண்ணினன். 43. பிரசங்கத்துக்கு முன்னம் ஒருக்கா, பிரசங்கத்துக்குள்ள ஒருக்கா. ரெண்டு தரமும் 43.

புதுமுளை:
பிரசங்கத்துக்குள்ள எண்ணினதை நீங்களே எழுதிட்டீங்கள், நன்றி ஐயா. 61 எண்டது சபைக் கணக்கு வழக்கைப் பார்க்கிற உக்கிராணக்காரர் எழுதின கணக்கு. மேல்மாடி ஆடம்பரத்துக்கு இல்லை. ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளையள் சைக்கிள் நிப்பாட்டுற கொட்டிலில இருந்து படிக்குதுகள். சபை வளர்ச்சி பற்றி எழுதுறவை ஒரு கணக்குச் சொல்லுவினம்: இருக்கைகளில 80 வீதம் நிரம்பிட்டால் புதிசா வாறவர் இடமில்லையெண்டு திரும்பிப் போயிடுவார். அதுக்கு முன்னமே ஆயத்தமாக வேணும்.

பின்வாங்கு:
எங்கட வாங்குகளில நெருக்கி இருந்தால் 160 பேர். அதில 80 வீதம் 128. உங்கட 61ஐ எடுத்தாலும் 38 வீதம்தான். இடமில்லாமல் திரும்பினவர் யார் தம்பி? நான் கண்டது ஒரு நாயை. அதுவும் மணிச் சத்தத்துக்குப் பயந்து போனது. 43.

ஆல்டோ அக்கா:
அண்ணா, ஒரு சின்னக் கேள்வி. பாடகர் குழுவை எண்ணினீங்களோ?

பின்வாங்கு:
இல்லை. அவை ஆராதனை நடத்துறவை. பஸ் றைவரைப் பயணியெண்டு எண்ணுவியளோ?

ஆல்டோ அக்கா:
பதினொரு பேர் அண்ணா. வியாழன் பின்னேரம் வேலையால வந்து, தேத்தண்ணியும் குடிக்காமல் பழகுறவை. சுவிசேஷத்தில மத்தேயு எழுதேக்க ஐயாயிரம் பேர் சாப்பிட்டவை, "ஸ்திரீகளும் பிள்ளைகளும் தவிர" எண்டு போட்டார். நீங்கள் அவரையும் மிஞ்சிட்டீங்கள். பாடகர்களும் தவிர!

மட்டுமகன்:
இதுக்கெல்லாம் ஒரு சண்டையா? 1814இல காலியில இறங்கின மெதடிஸ்த மிசனரிமாரில வில்லியம் ஓல்ட் எங்கட மட்டக்களப்புக்கு வந்தார். ஒரு வருசம் கூட உயிரோட இரிக்கல்ல. அவர் தொடங்கின பள்ளிக்கூடம் இண்டைக்கும் இரிக்கு. அவர் வாங்கில இருந்து தலை எண்ணினவரா?

பின்வாங்கு:
மட்டக்களப்பார் வந்திட்டார், இனிக் கதை 1814க்குக் கீழ இறங்காது. அந்தக் கூட்டத்துக்குத் திட்டம் போட்ட தோமஸ் கோக் அதே வருசம் மே மாதம் கப்பலிலேயே செத்து, கடலிலேயே அடக்கம். திட்டம் எண்டால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

புதுமுளை:
அவர் செத்த பிறகும் மற்றவை வந்து இறங்கினவை ஐயா. அதுக்குப் பேர்தான் திட்டம். இந்தியாவில பிறந்த மிசனரி டொனால்ட் மெக்கவ்ரன் சபை வளர்ச்சியைத்தான் ஆராய்ஞ்சவர். எண்ணிக்கையைப் பார்க்காமல் வளர்ச்சி பற்றிக் கதைக்கக்கூடாது எண்டது அவற்ற நிலைப்பாடு.

பின்வாங்கு:
அவர் என்ர கட்சி. 43.

கேணியடி:
மெக்கவ்ரன் இன்னொண்டும் சொன்னவர். சனம் இனம், மொழி, வகுப்பு எல்லை தாண்டாமல் கிறிஸ்தவராகத்தான் விரும்புமாம். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஒரே சந்தையில மீன் வாங்குற எங்கட ஊரில அந்தப் பாடத்தை யோசிச்சுத்தான் எடுக்கவேணும். மேல்மாடிக்கு முதல், மெதடிஸ்தர் சின்னக் குழுக்களாக் கூடுற வகுப்புக் கூட்டத்தை உயிர்ப்பியுங்கோ. 1742இல பிரிஸ்டல் நகரில கட்டடக் கடன் அடைக்கத்தான் அது தொடங்கினது. பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், கிழமைக்கு ஒரு பென்னி. காசு வாங்க வீடு வீடாப் போனவை, ஆக்களின்ர சுகதுக்கத்தையும் விசாரிக்கத் தொடங்கிச்சினம். பாலையூற்றிலயும் அலஸ்தோட்டத்திலயும் வராமல் நிக்கிற வீடுகளுக்குக் கடைசியா யார் போனது? சாதாரணதரப் பரீட்சை எழுதுற பிள்ளையளுக்கு ஞாயிறு காலமை ரியூசன். அதுக்கு என்ன வழி?

பின்வாங்கு:
நல்ல கருத்து. ஆனால் முதல்ல 61 எங்க இருந்து வந்தது?

டொரன்டோ திருமலை:
எங்கட குடும்பமும் பதிவேட்டில இருக்கு. ஒவ்வொரு சனி இரவும் நித்திரை முழிச்சு சூம்ல பார்க்கிறம். எங்களை எண்ணினீங்களோ?

பின்வாங்கு:
கமராவை மூடி வைச்சிட்டு "பார்க்கிறம்" எண்டால் எப்பிடி எண்ணுறது?

டொரன்டோ திருமலை:
நீங்கள் கடைசி வாங்கில இருந்து பிரசங்கம் கேக்கிற ஸ்பீக்கர் யார்ட காசு? அதை எண்ணுங்கோ.

மட்டுமகன்:
தாவீது ராசா சனத்தை எண்ணப்போய் 70,000 பேர் கொள்ளைநோயில செத்தாங்க. கவனம்.

பின்வாங்கு:
வேதாகமத்தில எண்ணாகமம் எண்டு ஒரு புத்தகமே இருக்கு ஐயா. 6,03,550 பேர், கர்த்தர் சொல்லித்தான் எண்ணினது. பேதுருவின்ர வலையில 153 மீன். யாரோ குந்தியிருந்து எண்ணியிருக்கிறான். பாடுற மீனைத் தனியாச் சேர்த்ததா எழுதேல்ல.

மட்டுமகன்:
பாடுமீன் எங்கட வாவிக்குரியது. அதைத் தொடாதீங்க. மறுகா கதை வேற மாதிரிப் போகும்.

கேணியடி:
ஒருத்தரும் கூட்டிப் பார்க்கேல்லயோ? வாங்குகளில 43, பாடகர் 11, கொட்டிலில பிள்ளையள் 7. மொத்தம் 61. ரெண்டு பேரும் சரி.

பின்வாங்கு:
பிழை. அந்த ஏழில ஒண்டு என்ர பேரன். ஆராதனை தொடங்கேக்க என்ர மடியில இருந்தவன், 43க்குள்ள எண்ணியாச்சு. அப்ப 60. ஆகவே 61 பொய்.

புதுமுளை:
பிரசங்கத்துக்குள்ள எண்ணினதும் 43 எண்டீங்கள். அந்த நேரம் பேரன் கொட்டிலில. என்ர கையால படம் வரைய ஓலைச்சுவடி மாதிரி மடிச்ச கடதாசி குடுத்தனான். மடியில யாரை எண்ணினீங்கள்?

பின்வாங்கு:
பெரியாக்களோட கதைக்கிற முறையைப் படிச்சுப்போட்டுத் திட்டம் போடு தம்பி. உன்ர அப்பா வாலிபர் சங்கத்தில இருக்கேக்க எனக்கு முன்னால இருந்துகூடக் கதைச்சதில்லை.

ஆல்டோ அக்கா:
கணக்கில இவ்வளவு கவனமான ஆள், அறுப்பின் பண்டிகை ஏலத்தில கூவி எடுத்த பூசணிக்காய்க்கு இன்னும் காசு கட்டேல்லயே அண்ணா.

பின்வாங்கு:
அது உள்ள அழுகல். வெட்டின உடனேயே உக்கிராணக்காரருக்குக் காட்டினனான். அந்தக் கதையை இங்க கொண்டுவர வேண்டாம். வாற ஞாயிறு வாசலில கொப்பியோட நிப்பன். ஆராதனைக்கு வாற சனத்தை மட்டும் எழுதுவன். பாடகர் குழு பின்கதவால வந்தால் அது அவையின்ர மனச்சாட்சி.

ஆல்டோ அக்கா:
நாங்கள் எப்பவும் பின்கதவாலதான் வாறது. முப்பது வருசமாத் தெரியாதோ?

மட்டுமகன்:
பூசணிக்காய் எவ்வளவுக்குப் போனது?